பிழை பார்க்கும் கண்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சென்ற மாதம் எழுதிய கடிதத்தையும் அதனுடன் மடித்து வைத்து, மூன்று இடங்களில் சிவப்பு மையால் ஒற்றுப் போட்டு அனுப்பியிருந்தீர்கள். கண் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

ஜெர்மனி வாழ்க்கை எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை, வீடு, உடம்பு எல்லாம் சரி. சரியில்லாதது என் வாய்தான். இந்த மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் மூன்று பால்களில் ஒன்றில் அடங்கும். அதற்கேற்ப டேர், டீ, டாஸ் என்று ஒரு சொல்லை முன்னால் நிறுத்த வேண்டும். மேசை ஆண், விளக்கு பெண். சிறுமி மட்டும் பெண் இல்லை! சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ என்ற சொல்லின் கடைசியில் சிறுமைப் பொருள் தரும் விகுதி இருப்பதால் அது ஆணும் பெண்ணும் அல்லாத டாஸ் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். ‘குழந்தை அழுகிறது’ என்று நாமும் அஃறிணையில்தானே சொல்கிறோம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

முதல் கோடையில் ஒரு கூத்து நடந்தது. அலுவலகத்தில் புழுக்கம் தாங்காமல், ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து ‘நான் சூடாக இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. அந்த வாக்கியத்துக்கு இங்கே என்ன பொருள் என்று பெற்ற தகப்பனுக்கு எழுத முடியாது. ‘எனக்கு’ என்று தொடங்கியிருக்க வேண்டுமாம். ‘எனக்குக் குளிர்கிறது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதைப் போலவே. தமிழை நம்பியிருந்தால் மானம் தப்பியிருக்கும்.

பக்கத்து மேசையில் இருக்கும் அம்மையார் என் பிழைகளை உடனுக்குடன் திருத்துவார். நானே கேட்டுக்கொண்டதுதான். உங்களுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த அன்று, எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. அவரிடம், “என் அப்பா இன்று மருத்துவமனையில்…” என்று ஆரம்பித்தேன். “டீ இல்லை, டாஸ்” என்றார். மருத்துவமனையின் பாலைத் திருத்திச் சொல்லிவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லாமல் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல மனுஷி. பத்து நிமிடம் கழித்து அவரே வந்து, “அப்பாவுக்கு என்ன?” என்று கேட்டார். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் நான் உங்களை நினைக்கவில்லை. கல்லூரியில் என்னுடன் படித்த ஒருத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு அவளிடமிருந்து செய்தி வந்தது: ‘பாட்டி இரந்துவிட்டார்.’ அந்தப் பாட்டியிடம்தான் அவள் வளர்ந்தாள். நான் அனுப்பிய பதில் ஒரே சொல்: ‘இறந்து’. அதற்கு அடுத்த நிமிடமே நீளமாக ஆறுதலும் எழுதினேன். உண்மையான வருத்தம்தான். ஆனாலும் முதலில் போனது றகரம். பிச்சையெடுத்தல் என்று பொருள் வந்துவிடுகிறதே, அதை எப்படிச் சும்மா விடுவது என்று அப்போது என் மனம் வாதாடியது. அவள் பதில் எழுதவில்லை.

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். அச்சகத்திலிருந்து நீங்கள் பிழை திருத்தக் கொண்டுவரும் அச்சுப்படி, அந்த கேலி புரூஃப், நீளமாகத் தரையில் கிடக்கும். நான் பக்கத்தில் குப்புறப் படுத்து, நீங்கள் விட்ட பிழையைத் தேடுவேன். தெருவில் ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று கண்டால் நடையை நிறுத்திவிடுவீர்கள். “வயிறு, வயிற்றில் ஆகும். சுவர், சுவரில்தான் ஆகும்.” அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பாதித் தெரு தாண்டியிருப்பாள். சரியாக எழுதுபவர்கள் என்று உலகத்தில் நாம் இருவர் மட்டும் இருக்கிறோம் என்ற நினைப்பு, எட்டு வயதில் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

அதே நீங்கள்தான் பெண்பிள்ளையான என்னை ‘வாடா ராஜா’ என்று கூப்பிடுவீர்கள். பால் வழு அல்லவா என்று ஒரு நாள் மடக்கினேன். மகிழ்ச்சியில் சொன்னால் வழுவும் இயல்புதான், நன்னூலே அனுமதிக்கிறது, அதற்குப் பெயர் வழுவமைதி என்று தப்பித்துக்கொண்டீர்கள். மகிழ்ச்சிக்கும் கோபத்துக்கும் பவணந்தியார் இடம் கொடுத்திருக்கிறார். நடுராத்திரியில் அழுதுகொண்டே தட்டச்சு செய்கிறவளுக்கு இடம் உண்டா என்று நான்தான் கேட்கத் தவறிவிட்டேன்.

இங்கேயும் நம் ஜாதி ஏராளம். பெயருக்குப் பின்னால் உடைமையைக் காட்டும் ‘ஸ்’ எழுத்துக்கு முன்னால், தலைக்கு மேல் ஒரு சிறு கீற்றைப் போட்டுவிட்டால் போதும். ‘முட்டாள்களின் கீற்று’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2024-இல் வந்த எழுத்து விதிகள், கடைப்பெயர் போன்றவற்றில் அந்தக் கீற்று இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டன. பக்கத்து மேசை அம்மையாருக்கு அன்று முழுவதும் முகமே சரியில்லை. ‘என்று’ என நாம் இணைக்கும் இடத்தில் இவர்கள் போடும் இன்னொரு ‘டாஸ்’ என்ற சொல்லை, 1996-இல் முடிவான சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்தில்தான் அவர் இன்றும் எழுதுகிறார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த பிறகும் நீங்கள் லை, னைக்குத் துதிக்கை போடுவதை விடவில்லையே, அது போலத்தான். உங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் பொது மொழி இல்லாமலே நன்றாகப் பேசிக்கொள்வீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு பையன், “நான் பசி வைத்திருக்கிறேன்” என்றான். ஜெர்மன் வாக்கியத்தின் அச்சு அசல் தமிழ். வாய்வரை வந்த திருத்தத்தை விழுங்கிக்கொண்டு, அவன் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லிக் கொடுத்தேன். இதைப் பெருமையாக எழுதவில்லை. அவன் மெதுவாகத்தான் சாப்பிட்டான், எனக்கு உட்கார முடியவில்லை.

போன மாதம் அந்தத் தோழிக்கு எழுதினேன். பாட்டியைப் பற்றி, என் அவசரத்தைப் பற்றி. ‘பறவாயில்லை, நீ அப்படித்தான்’ என்று பதில் வந்தது. அந்த றகரத்தைப் பார்த்தேன். கை அரித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டேன். அவள் வேண்டுமென்றே அப்படி எழுதினாளா, இல்லை கை தவறியதா என்று இன்னும் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

ஓர் அவசரம். பிள்ளைகளின் ஆண்டுவிழா மலருக்குப் புரூஃப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ‘வாழ்த்துகள்’ என்று நான் திருத்தினால், ‘வாழ்த்துக்கள்’தான் சரி என்று இன்னொருவர் மாற்றிவிடுகிறார். நான் மறுபடி ஒற்றை எடுக்கிறேன், அவர் மறுபடி போடுகிறார். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. போனில் அம்மாவிடம் ஒரே சொல்லில் சொல்லி அனுப்புங்கள், ‘க்’ வேண்டுமா வேண்டாமா. நூற்பா வேண்டாம்.

அன்பு மகள்