இந்த ஞாயிறு: பிரிசில்கோன் பைன்

நண்பர்களே, இந்த வாரம் வரையப்போவது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் உள்ள கிழட்டு பிரிசில்கோன் பைன்களை. நான் நடந்துபோய் எடுத்த படங்கள் மேலே இருக்கின்றன. கீழே பாலைவனம், மரங்கள் நிற்பதோ சுமார் 3,000 மீட்டர் உயரத்தில். எனக்கு நன்றாகவே மூச்சு வாங்கியது.

காற்றும் பனியும் இழைத்துத் தள்ளிய முறுக்குக் கட்டை. ஒரு ஓரத்தில் மட்டும் கையகலப் பட்டை. அதன் தயவில்தான் உச்சிக் கிளை பச்சையாக இருக்கிறது. அதை விட்டுவிட்டால் படத்தில் வெறும் விறகுதான் மிஞ்சும்!

சாம்பல் நிற டியூபைத் தொடாதீர்கள். பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) அல்ட்ராமரைனும் (அடர் நீலம்) கலந்தாலே கட்டையின் நிறம் வந்துவிடும். ரேகைகளுக்குக் காய்ந்த தூரிகை.

1964-இல் இங்கே வெட்டிய ஒரு மரத்தில் கிட்டத்தட்ட ஆண்டுக்கு ஒன்றாக 4,800-க்கும் மேற்பட்ட வளையங்கள் இருந்தன. ஆகவே அவசரமில்லை, இரவு 9 மணிக்குள் படத்தைப் போடுங்கள்.