மாதிரி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: ஒரு ரிப்பீட்டுக்கு எத்தனை கிராம்?

குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்), பின்னல், மணிவேலை மாதிரிகளை, அதாவது செய்முறைக் குறிப்புகளை, எழுதி வெளியிடும் அனைவருக்கும்,

உங்கள் மாதிரிகளைப் பின்பற்றிப் பின்னுகிறவர்கள் நாங்கள். தையல் எண்ணிக்கையிலும் வரைபடத்திலும் நீங்கள் காட்டும் கவனம், தேவையான பொருள்கள் பட்டியலுக்கு வந்ததும் காணாமல் போகிறது. "நூல்: 4 கண்டு" என்று முடித்துவிடுகிறீர்கள். கண்டு 50 கிராமா, 100 கிராமா? நாலாவது கண்டு முழுதும் தீர்ந்ததா, ஓரத்துக்குக் கொஞ்சம்தான் எடுத்தீர்களா? நீளத்தைக் கூட்டவோ அகலத்தைக் குறைக்கவோ நினைப்பவருக்கு இந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒரு ரிப்பீட்டுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் வடிவத்தின் ஒரு முறைக்கு, ஆகும் நூலின் எடையை எழுதுங்கள்.

அதை அளப்பது பெரிய வேலையில்லை. ஆனால் பலரும் செய்கிற முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. சில ரிப்பீட் பின்னி, செலவான நூலை எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். தொடக்கச் செயினும் (முதலில் போடும் சங்கிலித் தையல் வரிசை) அடி வரிசைகளும் அந்தக் கணக்குக்குள் புகுந்துவிடுகின்றன. ஒரு ஸ்டோலில் (நீளமான தோள் துண்டில்) 4 ரிப்பீட் முடிந்தபோது 31 கிராமும், 10 முடிந்தபோது 67 கிராமும் செலவாகியிருந்தால், முதல் அளவை வகுத்தால் ரிப்பீட்டுக்கு 7.75 கிராம் வரும். இரண்டாவதை வகுத்தால் 6.7. இரண்டும் தவறு. இரண்டு எடைகளின் வித்தியாசம் 36 கிராம், அதில் 6 ரிப்பீட். ஆக ரிப்பீட்டுக்கு 6 கிராம், தொடக்கத்துக்கு 7 கிராம். 22 ரிப்பீட் பின்ன 7 + 132 = 139 கிராம் போதும். பார்டரைத் தனியே நிறுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். 7.75-ஐ நம்பியவர் 170 கிராமுக்கு நூல் வாங்கியிருப்பார்.

நிறுக்க வேண்டியது பின்னிய துண்டை அல்ல, மிச்சமிருக்கும் நூல்கண்டை. லேபிளையும் நடுவிலுள்ள அட்டைக் குழாயையும் கழற்றிவிட்டு நிறுங்கள். 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் 2 கிராம் ரிப்பீட்டை நிறுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. பத்து ரிப்பீட்டைச் சேர்த்து நிறுத்து வகுங்கள், அல்லது 0.1 கிராம் காட்டும் சிறு தராசை எடுங்கள். இரண்டு எடைகளையும் ஒரே நாளில், ஒரே அறையில் எடுப்பதும் முக்கியம். பருத்தியும் கம்பளியும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வணிகக் கணக்கிலேயே உலர் எடையின் மேல் பருத்திக்கு 8.5 விழுக்காடு ஈரம் அனுமதிக்கப்படுகிறது. கம்பளிக்கு அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வறண்ட நாளில் ஒன்றும் மழை நாளில் ஒன்றுமாக நிறுத்தால் கணக்கு உதைக்கும்.

ரிப்பீட்டின் எடையை மட்டும் தந்தால் போதாது, உயரமும் வேண்டும். அதுவும் நனைத்து விரித்துக் காயவைத்த பிறகான உயரம். ஊசியில் இருக்கும்போது 8 செ.மீ. இருந்தது, காய்ந்தபின் 9 ஆகலாம். 180 செ.மீ. ஸ்டோலுக்கு அப்போது 20 ரிப்பீட்தான் தேவை. 8-ஐ வைத்துக் கணக்கிட்டவர் 23 பின்னிக்கொண்டிருப்பார்.

இதுவரை சொன்னது நேராக வளரும் துண்டுகளுக்கு. முக்கோணச் சால்வை வேறு கதை, எங்களை அதிகம் அழவைப்பதும் அதுதான். நுனியில் தொடங்கி ஒரே சீராக அகலும் சால்வையில் ஒவ்வொரு ரிப்பீட்டும் முந்தியதைவிடக் கனம். மொத்த எடை ரிப்பீட் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பின்பற்றும். முதல் ரிப்பீட் அரை கிராம் என்றால் 10 முடியும்போது 50 கிராம், 14-இல் 98, 20-இல் 200. கையில் 200 கிராம் வைத்திருப்பவர் பத்தாவது ரிப்பீட்டில் "கால்வாசிதான் தீர்ந்தது, இன்னும் 30 பின்னலாம்" என்று நினைப்பார். உண்மையில் இன்னும் 10 தான். கடைசி ரிப்பீட் மட்டுமே 19.5 கிராம் விழுங்கும். பார்டருக்கு 30 கிராம் ஒதுக்கினால் 18-வது ரிப்பீட்டோடு (162 கிராம்) நிறுத்திவிட வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. 4-வது முடிவில் செலவான கிராமை 16-ஆலும், 8-வது முடிவில் உள்ளதை 64-ஆலும் வகுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் வர்க்கக் கணக்கை நம்பலாம். ஒன்றாக வராவிட்டால், தொடக்கப் பட்டையோ மாறாத ஓரத் தையல்களோ கணக்கைக் குழப்புகின்றன என்று பொருள். அப்போது சூத்திரம் வேண்டாம், ஒவ்வொரு ரிப்பீட் முடிவிலும் மொத்தம் எத்தனை கிராம் என்று ஒரு பட்டியலைச் சேர்த்துவிடுங்கள். வட்ட டாய்லிக்கும் (சிறு அலங்கார விரிப்புக்கும்) இதேதான்.

நூலை மாற்றுகிறவர்களுக்காக இன்னொரு எண்: 100 கிராமில் எத்தனை மீட்டர். ஒரே பருமனில் பருத்தி கம்பளியைவிடக் கனம், அக்ரிலிக் கம்பளியைவிட லேசு. எனவே கிராமுக்குக் கிராம் மாற்றினால் பருத்திக்காரருக்கு நூல் பற்றாது, அக்ரிலிக்காரருக்கு மிஞ்சும். 100 கிராமுக்கு 210 மீட்டர் உள்ள நூலில் 280 கிராம் என்றால் 588 மீட்டர். புது நூல் 100 கிராமுக்கு 170 மீட்டர்தான் என்றால் 346 கிராம் வேண்டும். ஊசி அளவும் தையல் அடர்த்தியும் ஒத்துப்போனால் மட்டுமே இது சரி.

இரண்டு நிறப் பின்னலில் தையல்களை எண்ணி நிறவாரியாக எடையைப் பிரித்துத் தரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு நிறம் முன்பக்கம் வராதபோது பின்புறம் ஓடும் நூலும் எடைதான், அது வரைபடத்தில் தெரியாது. ஒவ்வொரு நிறக் கண்டையும் தனித்தனியே நிறுங்கள்.

மணிவேலையில் கணக்கு நேரானது: ரிப்பீட்டின் மணிகளை நிறவாரியாக எண்ணி, ஒரு கிராமில் எத்தனை மணி என்பதால் வகுத்தால் போதும். ஆனால் வடிவத்தைக் குறிப்பிட மறக்காதீர்கள். 11/0 அளவு (மணியின் அளவு எண்) உருண்டை மணி கிராமுக்குத் தோராயமாக 110, அதே 11/0 சிலிண்டர் மணி தோராயமாக 200. ஒரு நிறத்தில் 2,200 மணி வேண்டுமென்றால் முதலாவது 20 கிராம், இரண்டாவது 11.

"பத்து விழுக்காடு கூடுதலாக வாங்குங்கள்" என்று பொதுவாக எழுதுவது எங்கள் பணத்தில் உங்கள் கணக்கைச் சரிக்கட்டுவது. குறைந்தால் அதே சாய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்) கிடைக்காது என்பதால் நாங்களும் பயந்து வாங்கிவிடுகிறோம். கூடுதல் தேவையென்றால் எதற்கென்று சொல்லுங்கள்: அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டுக்கு இத்தனை கிராம், தளர்வாகப் பின்னுவோருக்கு இத்தனை. ஏற்கெனவே வெளிவந்த மாதிரிகளை மறுபடி பின்ன வேண்டியதில்லை. முடித்த துண்டின் எடை, ரிப்பீட் எண்ணிக்கை, நூலின் மீட்டர் அளவு மூன்றையும் அடுத்த திருத்தப் பதிப்பில் சேர்த்தாலே மிச்சத்தை நாங்கள் கணக்கிட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் மாதிரிகளைப் பின்னுவோர்