வேதாளக் கதைப் புத்தகம் போடும் பதிப்பாளர்களுக்கு

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள் நாலைந்து விதமாவது கண்ணில் படுகின்றன. நான் புரட்டிப் பார்த்தவற்றில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது, சிலவற்றில் ஓவியர் பெயரும் இருக்கிறது. கதை எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி கிடையாது.

இவை ஊர் பேர் இல்லாத கதைகள் அல்ல. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீர அரசி சூரியவதிக்காகச் சோமதேவர் சமஸ்கிருதத்தில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளத்தின் 25 கதைகளும் வருகின்றன. அவர் மட்டும்தான் சொன்னார் என்று நான் வாதாடவில்லை. அதே காஷ்மீரத்துக் க்ஷேமேந்திரரும் சொல்லியிருக்கிறார், சிவதாசர் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். அவர்களையும் சேர்த்தே போடுங்களேன்.

இந்த விஷயத்தில் சோமதேவர் எவ்வளவு ஒழுங்கானவர் என்று பாருங்கள். மூலத்தில் உள்ளபடியே சொல்கிறேன், சுருக்கியதும் மொழி மாறியதும்தான் வேறுபாடு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். மூலம், குணாட்டியர் பைசாச மொழியில், அதாவது பேய்களின் பேச்சு என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்ட மொழியில், எழுதிய பிருகத்கதை. (நம் கொங்குவேளிரின் பெருங்கதையும் அந்த வழியில் வந்ததுதான்.) அதோடு விடாமல், முதல் லம்பகத்தில் (நூலின் முதல் பகுதியில்) குணாட்டியரையே ஒரு பாத்திரமாக்கிவிட்டார். காட்டில் மை கிடைக்காமல் தன் ரத்தத்தால் ஏழு லட்சம் சுலோகங்கள் எழுதுகிறார் குணாட்டியர். பைசாச மொழியா, சீ என்று சாதவாகன மன்னன் ஒதுக்கிவிட, தீ மூட்டி ஒவ்வொரு ஏடாகப் படித்துப் படித்து நெருப்பில் போடுகிறார். காட்டு விலங்குகள் மேய்ச்சலை மறந்து கண்ணீரோடு சுற்றி நின்று கேட்கின்றன. அவை மெலிந்துவிட, அரண்மனைக்கு வரும் இறைச்சி சத்தில்லாமல் வற்றிப்போய் மன்னன் நோயில் விழுகிறான். விசாரித்தால், சமையல்காரர்கள் வேடர்கள் மேல் பழியைப் போடுகிறார்கள்! விஷயம் தெரிந்து மன்னன் ஓடி வருவதற்குள் ஆறு லட்சம் சாம்பல்.

தனக்கு முன்னால் எழுதியவரை இப்படிக் கொண்டாடியவரின் பெயரைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

மாற்றங்கள் இருக்கட்டும். சோமதேவரிடம் அரசன் உஜ்ஜயினி விக்கிரமாதித்தன் இல்லை, கோதாவரிக் கரைப் பிரதிஷ்டானத்துத் திரிவிக்கிரமசேனன். பிணம் தொங்குவதும் சிம்சுபா மரத்தில். நம் வேதாளம் முருங்கையிலேயே ஏறட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. அந்தக் கிளை எப்படித்தான் தாங்கியதோ!

சுருக்குவதும் தப்பில்லை, அவரே சுருக்கியவர்தான். ஆனால் பத்துக் கதையோடு நிறுத்தி முடிவை வெட்டிவிடாதீர்கள். ஒரு தாயும் மகளும், வேறொரு தந்தையும் மகனும்; அந்த மகளைத் தந்தையும் தாயை மகனும் மணந்துகொண்டால், பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்று வேதாளம் கடைசியில் கேட்கிறது. பதில் சொல்லிச் சொல்லியே பிணத்தைத் தவறவிட்டவன், இம்முறை விடை தெரியாமல் பேசாமல் நடக்கிறான். அப்போதுதான் வேதாளம் மனம் குளிர்ந்து, பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன துறவியின் சதியைச் சொல்லி அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. இது இல்லாவிட்டால் அந்த ராத்திரி முழுக்க நடந்ததற்கு அர்த்தமே இல்லை.

அடுத்த பதிப்பில் முன்பக்கத்தில் நாலு வரி போடுங்கள்: சோமதேவர், காஷ்மீரம், 11ஆம் நூற்றாண்டு, அவருக்கு முன் குணாட்டியர். இடம் போதாவிட்டால், கடைசியில் விலைப்பட்டியல் போடுகிற பக்கத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்