பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: பள்ளியிலிருந்து ஆலை வரை உள்ள வழிகள்

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருக்கிறது. பத்து, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் இனி தினமும் எழப்போகும் கேள்வி, "அடுத்து என்ன?" என்பதுதான். ஓசூர் வட்டாரத்தில் அதற்கு ஒரு சுலபமான பதில் தெருமுனையிலேயே வந்து நிற்கிறது. பதினெட்டு வயது முடிந்ததும் ஒப்பந்தக்காரரின் பேருந்தில் ஏறி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போய்விடலாம். வீட்டுச் செலவு என்னவென்று தெரிந்துதான் எழுதுகிறேன்; வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அதே ஆலைக்குள் கையில் சான்றிதழோடு நுழையும் வழிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்த வழியில் படிக்கும்போதே மாதம் கொஞ்சம் பணமும் வரும். மதிப்பெண் போதாமல் அந்த வழியை இழப்பவர்களைவிட, ஒரு சான்று இல்லாமலும் ஒரு தேதி தவறியும் இழப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அதனால் இந்தக் கடிதம் சற்று நீளமாகவே இருக்கும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மூன்று வாசல்கள்: பதினோராம் வகுப்பு, பாலிடெக்னிக், ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம். எந்த வாசலில் நுழைந்தாலும் பொறியியல் பட்டம் வரை போக வழி உண்டு என்பதை முதலில் மனதில் வையுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் தொடர்புடைய தொழிற்பிரிவில் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் அல்லது தொழிற்கல்விப் பிரிவு படித்தவரும் அப்படியே சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐடிஐ என்றால் 'படிப்பு வராதவன் போகும் இடம்' என்ற பேச்சை இந்த ஆண்டோடு நிறுத்திவிடுவோம்.

பதினோராம் வகுப்பில் குழு தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் முழுதாக 100க்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டுத் தலா 50க்கும் சேரும். கணிதத்தில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 என்றால் 80 + 35 + 38 = 153. கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அது கட்-ஆஃபில் சேராது. கணிதத்தைக் கண்டு பயந்து தனி உயிரியல் குழுவுக்கு மாறினால் பொறியியல் பொதுக் கலந்தாய்வு அங்கேயே முடிந்துவிடும். பயம் உண்மையிலேயே பெரிதாக இருந்தால் தொழிற்கல்விப் பிரிவைப் பாருங்கள். அதில் படிப்பவர்களுக்குக் கலந்தாய்வில் தனித் தரவரிசை உண்டு, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கும் வழி திறந்திருக்கும்.

ஐடிஐ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் ஆகியவை இரண்டு ஆண்டுப் படிப்புகள். வெல்டர் ஓராண்டு, எட்டாம் வகுப்பு முடித்தவரும் சேரலாம். 71 அரசு ஐடிஐகள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, கணினியும் தானியங்கி இயந்திரங்களும் இணைந்த 'தொழில் 4.0' தரத்துக்கு மேம்படுத்தப்பட்டிருக்கின்றன. ரோபாட்டிக்ஸ், உயர்நிலை சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள்), மின்வாகன மெக்கானிக் போன்ற பிரிவுகள் அங்கே இருக்கின்றன. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆண்களுக்கு 40 வயது வரை அனுமதி. பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. படிப்பைப் பாதியில் விட்ட அக்காவோ அம்மாவோ வீட்டில் இருந்தால் அவர்களும் விண்ணப்பிக்கலாம். இன்னொரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்கள் தமிழ், ஆங்கில மொழித் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். இரண்டு ஆண்டு வீணாகிவிடுமே என்று தயங்கும் வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக் மூன்று ஆண்டு. அரசுப் பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். அங்கே பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் முதலாண்டுக் கணிதத்தில்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் இரண்டு மாதம் புத்தகத்தையே தொடாமல் இருந்துவிட்டு, திடீரென்று முக்கோணவியலும் நுண்கணிதமும் ஆங்கிலத்தில் வந்து நின்றால் யாருக்கும் திணறும். முதல் பருவத்தில் ஒரு அரியர் விழுந்தால் அடுத்த பருவப் பாடத்தோடு சேர்த்து அதையும் சுமக்க வேண்டும், சுமை கூடக் கூட வருகை குறையும். ஏப்ரல், மே மாதங்களில் தினம் ஒரு மணி நேரம் பின்னம், இயற்கணிதம், முக்கோணவியல் மூன்றையும் ஆங்கிலச் சொற்களோடு திருப்பிப் பார்த்தால் இதைத் தவிர்க்கலாம். அதற்கான பயிற்சித்தாள்களை நம் கணித ஆசிரியர்கள் தருவார்கள்.

இனி பன்னிரண்டாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஒதுக்கப்பட்டுள்ளன. மருத்துவத்துக்கு 2020லேயே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. 'ஆறு முதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏழாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பது எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் இருக்கும். இப்போதே வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் தவறு தெரிந்தால், பழைய பள்ளிகளுக்கு அலைந்து திருத்துவதற்குள் கடைசி நாள் கடந்துவிடும்.

கலந்தாய்வு முழுக்க இணையத்தில்தான் நடக்கிறது. விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண் கலந்தாய்வு முடியும்வரை உங்கள் கையில் இருக்க வேண்டும். ஓடிபி அதற்குத்தான் வரும். கணினி மையக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். நான்கைந்து பெயரோடு நிறுத்திக்கொள்வதால்தான் நல்ல கட்-ஆஃப் இருந்தும் பலர் இடமில்லாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறார்கள். பெயரைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் இருக்கின்றன, அதனால் கல்லூரிக் குறியீட்டு எண்ணை ஒத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். தாங்களே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் வராது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான். கிடைத்த இடமே போதும் என்றால் 'ஏற்றுச் சேர்கிறேன்'. கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலில் மேலே உள்ளதற்கும் காத்திருக்க விரும்பினால் 'ஏற்று, மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்'. மூன்றாவது, 'மறுத்து, மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்'. இதை அழுத்தினால் கையில் உள்ள இடம் போய்விடும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று என்று நினைத்து அழுத்துபவர்கள் உண்டு. அடுத்த சுற்றுக்குப் போவதற்கும், முற்றிலும் விலகுவதற்கும் தனித்தனி வாய்ப்புகள் இருக்கின்றன. எதையும் அழுத்தாமல் விட்டாலும் இடம் போய்விடும். உறுதி செய்வது தனியாகச் செய்யும் வேலை இல்லை. பிள்ளையோடு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் உள்ள வரியை வாய்விட்டுப் படித்த பிறகு அழுத்துங்கள்.

பொதுத்தேர்வில் ஒரு பாடம் போனாலும் ஆண்டு போகவில்லை. துணைத்தேர்வில் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில், பன்னிரண்டுக்குப் பிறகு எங்கும் சேராதவர்களைத் தேடி அழைத்துச் சேர்க்கை பெற்றுத்தரும் 'உயர்வுக்குப் படி' முகாம்களும் நடக்கின்றன. கல்லூரியில் சேர்ந்த பிறகும் இந்தத் திட்டம் தொடர்கிறது. தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய திறன் பாடங்கள் பருவப் பாடத்தோடு மதிப்பலகாக (கிரெடிட்) சேர்கின்றன. 'அது சும்மா எக்ஸ்ட்ரா' என்று பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். நேர்காணலில் காட்டுவதற்கு அந்தச் சான்றிதழ் உதவும்.

மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்பவர்களுக்கும் அவை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, பணம் பெறும் கணக்காக அந்தக் கணக்கே ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று கணக்கு தொடங்கியிருந்தால், கடைசியாக எதில் இணைத்தார்களோ அதில் பணம் போய் விழும். வங்கியில் நேரே போய்க் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சான்றிதழ்களை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டியவை. பழைய கையெழுத்து அட்டை செல்லாது, இணையவழிச் சான்று வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள், அதனால் அதுதான் தாமதமாகும்; முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தால் அது கிடைக்காது. நம் ஊர் எல்லையோர ஊர் என்பதால் இன்னொன்றும் உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி எனப்படும் இருப்பிடச் சான்று பொதுவாகத் தேவைப்படாது. அந்த ஐந்தில் ஒரு வகுப்பைக்கூட பெங்களூருவிலோ ஆனேக்கல்லிலோ படித்திருந்தால் அது கட்டாயம். இதையெல்லாம்விட அதிகம் தொல்லை தருவது பெயர்தான். ஆதாரில் இன்ஷியல் பின்னால், பள்ளிப் பதிவில் முன்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் நிற்க வேண்டிவரும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும் முன் திருத்துவது எளிது, அச்சான பிறகு மாதக்கணக்கில் ஆகும்.

கடைசியாக ஆலை வாசல். டைட்டன், டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்டு, டாடா எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தொழிற்பழகுநர் சட்டம் 1961இன் கீழ், முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை, அதாவது அப்ரண்டிஸ்களை, எடுக்கக் கடமைப்பட்டவை. ஐடிஐ முடித்தவர்கள் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் பதிய வேண்டும். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்கள் நாட்ஸ் எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தளத்தில் பதிய வேண்டும். அதற்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஒப்பந்தம் தளத்தில் பதிவானால்தான் முடிவில் சான்று வரும். பதிவாகாமல் 'அப்ரண்டிஸ்' என்று வாய்ச்சொல்லில் எடுத்தால் அது வெறும் ஒப்பந்த வேலைதான். பழகுநர் காலம் முடிந்ததும் நிரந்தர வேலை தருவது சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

'வேலை செய்துகொண்டே டிப்ளமோ, டிகிரி' என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைக்கும் திட்டங்களும் வருகின்றன. அவற்றில் நல்லவை உண்டு. சேருமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை: பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதற்கு அனுமதி இருக்கிறதா, பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், வாரத்தில் வகுப்பு எத்தனை மணி நேரம், ஷிப்ட் எத்தனை மணி நேரம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். நகலும், சரிபார்க்கும்போது காட்டும் அசலும் போதும்.

பட்டறைத் தேர்வுகளில் கேட்பவை பெரும்பாலும் நம் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கின்றன. திருகு அளவியில் 0.01 மில்லிமீட்டர் வரை படிப்பது, அதில் சுழிப்பிழையை (வாய் மூடியிருக்கும்போதே கருவி சுழிக்குப் பதில் காட்டும் அளவு) திருத்துவது, பின்னத்தைத் தசமமாக்குவது, மல்டிமீட்டரில் மின்னழுத்தமும் மின்தடையும் அளப்பது. சுழிப்பிழையை மறந்து அளவெடுத்தால் சரியான பாகம்கூட கழிவுப் பெட்டிக்குப் போகும், தவறான பாகம் வண்டியில் ஏறிவிடும். செய்முறை வகுப்பை மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யாமல், ஒவ்வொரு பிள்ளையும் கருவியைத் தன் கையால் பத்து முறையாவது படித்துப் பழக வேண்டும். அதற்காக இந்த மாதம் முதல் புதன், வெள்ளி மாலைகளில் இயற்பியல் ஆய்வகம் 5.30 வரை திறந்திருக்கும்.

இம்மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு வாருங்கள். பிள்ளையின் ஆதார், வங்கிப் புத்தகம், இருக்கும் சாதி, வருமானச் சான்றுகள், பழைய பள்ளிகளின் மாற்றுச் சான்றிதழ் நகல்கள், ஆதாரோடு இணைந்த கைப்பேசி ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். பெயர், பிறந்த தேதி, ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளிகள் ஆகியவற்றை எமிஸ் திரையில் உங்கள் முன்னாலேயே சரிபார்ப்போம். ஆலை வேலை காரணமாகச் சனிக்கிழமை வர முடியாதவர்கள் மறுநாள் ஞாயிறு காலை வரலாம். வகுப்பாசிரியரிடம் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி