டீ கொட்டின லேப்டாப்

அன்புள்ள தம்பிக்கு,

லேப்டாப்பில் டீ கொட்டியதையும், அரிசி டப்பாவில் புதைத்து வைத்து எடுத்ததும் அது மறுபடி ஓட ஆரம்பித்ததையும் அம்மா சொன்னாள். ஓடுகிறது என்பதுதான் எனக்குக் கவலை. ஓடாமல் போயிருந்தால் அன்றைக்கே சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய்.

அரிசி என்ன செய்யும்? கீபோர்டுக்கு அடியில் மதர்போர்டில் ஒட்டிய பாலையும் சர்க்கரையையும் அது உறிஞ்சாது. நனைந்த ஐபோனை அரிசிப் பையில் வைக்காதீர்கள், அரிசித் துகள் போனைக் கெடுக்கலாம் என்று 2024-இல் ஆப்பிள் நிறுவனமே சொல்லிவிட்டது.

நம் கடைக்கு வரும் டீ கேஸ் பெரும்பாலும் கொட்டிய அன்று வருவதில்லை. ஒரு மாதம் கழித்து, சார்ஜ் ஏறவில்லை, சில எழுத்து விழவில்லை என்று வரும். பின்மூடியைக் கழற்றினால் முதலில் புளித்த பால் வாடை. சார்ஜிங் பக்கம் மணல் அளவில் கெப்பாசிட்டர் என்ற குட்டிப் பாகங்கள் இருக்குமே, அதன் ஓரமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். பிரஷ்ஷால் தொட்டால் சிலது பெயர்ந்து கையோடு வந்துவிடும். ஆஃப் செய்தாலும் பேட்டரி போர்டோடுதான் இருக்கிறது, சில லைன்களில் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும். ஈரமும் டீயில் உள்ள உப்புகளும் அதோடு சேர்ந்தால் செம்பு அரிக்க ஆரம்பிக்கும். சர்க்கரை வேறு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெங்களூர் மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முக்கியமான ஃபைல்களை இன்றைக்கே வேறு டிஸ்க்கில் ஏற்றிவிடு. சில மாடல்களில் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியே போர்டில் பற்றவைத்திருக்கும், போர்டு போனால் அதுவும் போச்சு. அப்புறம் ஷட்டவுன் செய்து, சார்ஜரில் போடாமல் அங்கே ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போ. பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு போர்டைக் கழுவச் சொல். சர்க்கரை போட்ட பால் டீ என்று உள்ளதைச் சொல். "தண்ணிதான் சார்" என்பவர்களை நாங்கள் வாசனையிலேயே பிடித்துவிடுவோம். எப்படியும் சாதாரண வாரண்டியில் இது வராது, மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னொரு முறை கொட்டினால், பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடி, சார்ஜரைப் பிடுங்கு, கூரை மாதிரி கவிழ்த்து வை. ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் வளையும், டீயும் அங்கேயே காய்ந்து ஒட்டும். காய்ந்துவிட்டதா பார்ப்போம் என்று ஆன் பண்ணிப் பார்க்காதே. பாதி போர்டு அந்த ஆசையில்தான் போகிறது.

திறந்துகூடப் பார்க்காமல் போர்டு மாற்ற வேண்டும் என்று எவனாவது சொன்னால் அவனிடம் விடாதே. பேட்டரி கனெக்டரை மட்டும் கழற்றச் சொல்லி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை திருச்சி பஸ் ஏறும்போது கையோடு கொண்டு வா. சனிக்கிழமை காலை கடையில் கூட்டம் இருக்காது, நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

அப்பா