மரபியல் மாநாடு மதுரைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்வதேச மரபியல் மாநாடு இந்தியாவுக்கு வந்தது 1983 டிசம்பரில். எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் டெல்லியில் நடந்த 15-வது மாநாடு அது. நாற்பது வருடம் தாண்டிவிட்டது. அடுத்த முறை இந்தியாவுக்கு அது வருமானால் மதுரையில் நடக்க வேண்டும் என்று அரசும் பல்கலைக்கழகமும் இப்போதே கேட்க வேண்டும்.

ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்துபோன ஆதிமனிதர்களின் தடமான எம்130 என்ற மரபுக் குறி, உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவரின் ரத்தத்தில் இருப்பதைக் கண்டறிந்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு. கீழடி பக்கத்துக் கொந்தகையில், இறந்தவர்களைப் புதைத்த தாழிகளில் கிடைத்த எலும்புகளின் டிஎன்ஏவையும் அதே பல்கலைக்கழகத்தில்தான் ஆராய்கிறார்கள். கூட்டம் நடத்தத் தமுக்கத்தில் மாநாட்டு மையமே இருக்கிறது.

ஆனால் என்னை எழுத வைத்தது வேறு. திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளிகளில் 31 வருடம் விலங்கியல் நடத்தினேன். பிளஸ் டூவில் வம்சாவளிப் படம் வரும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத்தில் கட்டியிருந்தால் நடுவில் இரட்டைக் கோடு. ஒருநாள் மணி அடித்த பிறகு ஒரு மாணவி நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். அவள் வீட்டையே வரைந்திருந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே இரட்டைக் கோடு. பிறவியிலேயே காது கேட்காத இரண்டு அக்காக்களின் வட்டங்களைப் பென்சில் பளபளக்கும்படி அழுத்தித் தீட்டியிருந்தாள். மூன்றாவது வட்டம் வெறுமையாக இருந்தது. அதிலிருந்து அம்மாவின் தம்பிக்கு இன்னொரு இரட்டைக் கோடு.

"மாமாவுக்குத்தான் என்னைப் பேசி வச்சிருக்காங்க டீச்சர். எனக்கும் அப்படிப் பிறக்குமா?"

ஒடுங்கு பண்பு, அதாவது அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் பண்பு; பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அவளிடமும் மாமாவிடமும் அது இருக்கிறதா என்று யாரிடம் போய்ப் பார்ப்பது என்று தெரியாது. டாக்டரிடம் போகச் சொன்னேன். "சொந்தத்துல செய்யாதீங்க" என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு பதினேழு வயசுப் பெண் வீட்டில் என்ன பேச முடியும்? பரீட்சை முடிந்த கையோடு கல்யாணமும் முடிந்துவிட்டது. அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று நம் உறவுமுறையே அப்படி. அதைக் கேவலமாகப் பேசாமல், உள்ளதை உள்ளபடி நம் மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அதனால் மாநாட்டில் ஒரு முழு நாள் தமிழில் நடக்கட்டும். கிராம சுகாதார செவிலியர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் வரச் சொல்லுங்கள். தமுக்கம் வாசலில் பத்து மேசை போட்டு, மேசைக்கு ஒரு மரபியல் ஆலோசகரை உட்கார வையுங்கள். எந்தப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள், எவ்வளவு ஆகும் என்று அச்சடித்துக் கையில் கொடுங்கள். வருகிறவர்களின் குடும்பப் படத்தை வரைந்துகொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சாக்பீஸ் பிடித்த கை இன்னும் நடுங்கவில்லை.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.