அந்த ஒரு பலகையை வைத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். அயர்லாந்தின் வெஸ்ட்மீத் மாவட்டத்து விடுதலை வரலாறு என்று நீங்கள் அமைத்திருக்கும் கண்காட்சியைப் போன சனிக்கிழமை மறுபடி பார்த்தேன். நிலமற்றவர்களுக்காகப் போராடிய அந்த மாவட்டத்து எம்.பி. லாரன்ஸ் கின்னெல் இப்போதும் ஒரு பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறார், அதுவும் எழுத்துப் பிழையோடு. அவருக்கென்று ஒரு பலகை வையுங்கள் என்று கேட்டு நான் எழுதும் மூன்றாவது மடல் இது. முதல் இரண்டுக்கும் "இடமில்லை" என்றீர்கள்.

அந்தப் பதில் அந்த மண்ணுக்குப் புதிதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே மேய்ச்சல் நிலத்தை 11 மாதத்துக்கு மட்டும்தான் விடுவார்கள். ஓராண்டு நிறைந்தால் குத்தகை உரிமை வந்துவிடுமே! எடுத்தவர்கள் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள். கல்சுவருக்கு இந்தப் பக்கம் கையகல உருளைக்கிழங்குப் பாத்தி, அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை புல். பிள்ளை வளர்ந்தால் அவனுக்கு நிலம் கிடையாது, கப்பல்தான். 1903 சட்டம் குத்தகைக்காரர் நிலம் வாங்க வழி செய்தது. குத்தகையே இல்லாதவன் எங்கே போவான்?

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். 1906 அக்டோபரில் டவுன்ஸ் என்ற ஊரில் கின்னெல் பேசியதும் தெரியும். ஹேசல் மரக் குச்சியை எடுங்கள், பண்ணை மாடுகளை ஓட்டுங்கள் என்பதே அதன் சாரம். இரவோடு இரவாக மாடுகள் ஊர் தாண்டின. விடிந்ததும் அவற்றைத் தேடிப் போலீஸ்காரர்கள் அலைந்தார்கள். எம்.பி.யாக இருந்தபோதே அவருக்கு 6 மாதச் சிறை. பிறகு தம் கட்சியிடமே கணக்குக் கேட்டு, அதற்கும் ஆகாதவரானார்.

மாட்டிறைச்சி ஏற்றுமதிக்கு நான்கு பலகை வைத்திருக்கிறீர்கள். மாடுகளுக்கு அன்றும் இடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. மகிழ்ச்சி.

1922 செப்டம்பரில் அயர்லாந்தின் நாடாளுமன்றமான டாயில் அவை கூடியபோது, பிரிட்டனுடன் செய்த 1921 ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களில் அவர் ஒருவர்தான் உள்ளே போனார். இது அயர்லாந்து முழுமைக்குமான அவையா, வடபகுதியை விட்டுவிட்ட பிரிவினை அவையா என்று விடாமல் கேட்டார். வெளியேற்றினார்கள். அடுத்த ஏப்ரலில் அமெரிக்காவில் இறந்தார். வெளியேற்றியவர்களாவது குறிப்பேட்டில் அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது ஒரே ஒரு பலகை. வாசலில் குடை வைக்கும் தொட்டிக்கு மேலே சுவர் வெறுமையாக இருக்கிறது. அளந்து பார்த்தேன், நான்கடி தேறும். தயவுசெய்து அதைக் கொடுங்கள். 11 மாதத்துக்கென்றாலும் சரி.

பணிவுடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்